பூவும் வேண்டாம், தலையும் வேண்டாம்

எங்கள் கால்பந்து டீமின் பழைய மேனேஜரைப் பற்றிக் கடலூர் செம்மண்டலத்தில் யாரைக் கேட்டாலும் “தங்கமான மனுஷன்” என்பார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். அவர்கள் அதோடு நிறுத்திக்கொள்வார்கள், நான் நிறுத்த மாட்டேன். தங்கமான மனுஷன், ஆனால் மேனேஜராக இருக்கக் கூடாதவர். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். பந்தை ஒரு தடவைகூட ஒழுங்காக உதைக்கத் தெரியாதவன் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்வதற்கு ஒருவன் சமையல்காரனாக இருக்க வேண்டியதில்லை.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலூரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு செம்மண்டலத்தில் சொந்தமாகவே ஒரு சின்னக் கடை போட்டேன். அது 2004. பிறவியிலேயே எனக்குக் கவலை ஜாஸ்தி. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய், மெயின் சுவிட்சை அணைத்தோமா என்று திரும்பி வருவேன். பஸ்ஸில் ஏறினால் டிரைவர் கண் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவேன், அவர் தூங்கிவிடக் கூடாதே என்று. சித்திரை வெயிலிலும் பையில் குடை இருக்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டு, “ஊரை விட்டுப் போறவன் பை மாதிரி இருக்குது” என்றாள்.

அவளுடைய தம்பியால்தான் எனக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. மச்சான் அப்போதுதான் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படிக்கச் சேர்ந்திருந்தான். ஒல்லி உடம்பு, இடது கால்காரன். சாயங்காலம் மைதானத்துக்குப் போகிற வழியில் என் கடையில் செருப்பைப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடுவான். ஒரு நாள் செருப்பை எடுக்க வரவில்லையே, கீழே விழுந்து ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்துபோய் மைதானத்துக்குத் தேடிக்கொண்டு போனேன். அங்கே அவன் பந்தைக் காலோடு ஒட்டவைத்த மாதிரி மூன்று பேரைத் தாண்டிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதற்கப்புறம் நான் பார்க்காத மேட்ச் என்று அநேகமாக எதுவும் இல்லை. பின்னால் கரண்ட் கட் வந்த வருஷங்களில் இது இன்னும் வசதியாகப் போயிற்று. கரண்ட் இல்லாமல் மோட்டாரை டெஸ்ட் பண்ண முடியாது, கடையில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மைதானத்தில் நிற்கலாம் என்று கிளம்பிவிடுவேன்.

மேனேஜர் எங்கள் ஊருக்கு வந்தது 2005 வாக்கில். பெண்ணாடம் பக்கம் சர்க்கரை ஆலை ஒன்றில் வேலை பார்த்து, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு செம்மண்டலத்தில் வீடு கட்டி வந்தவர். வாலிபத்தில் ஆலை ஆட்களோடு சேர்ந்து டிஃபன்ஸ் ஆடியவர். முதலில் மைதானத்தின் ஓரம் நின்று பார்த்தார். பிறகு பந்து வாங்கிக் கொடுத்தார். பிறகு பையன்களுக்கு நீல நிறத்தில் ஜெர்சி தைத்துக் கொடுத்தார். ஜெர்சி தைத்துக் கொடுத்தவரை மேனேஜர் என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவது? எங்களிடம் அதுவரை மேனேஜரே இல்லை, அப்படி ஒருவர் வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றியதில்லை.

அவர் செய்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். இடைவேளைக்கு எலுமிச்சம்பழத்தை அவரே வெட்டி உப்புத் தொட்டுக் கொடுப்பார். எவனுக்காவது கால் பிசகினால் ஐஸ் வாங்க அவரே ஓடுவார். வெளியூர் போனால் ஒவ்வொரு பையனின் அம்மாவுக்கும் போன் போட்டு “வந்துட்டிருக்கோம்மா” என்பார். இதெல்லாம் எத்தனை பேர் செய்வார்கள்? ஆனால் மேட்ச் ஆரம்பித்ததும் அவருக்குள் வேறொரு ஆள் வந்து உட்கார்ந்துகொள்வான். அந்த ஆளுக்கு ஜெயிப்பதில் ஆசை கிடையாது. டாஸில்தான் ஆசை.

எங்கள் பக்கத்து செவன்ஸ் டோர்னமெண்ட்களில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்துக்கு ஏழு பேர். ஒரே மைதானத்தில் காலையிலிருந்து வரிசையாக மேட்ச் நடக்கும், மைதானத்தில் விளக்கு கிடையாது. அன்றைய கடைசி மேட்ச் டிராவானால், வெளிச்சம் இருக்கும்வரை பெனால்டி. வெளிச்சம் போய்விட்டால் டாஸ். ரெஃப்ரி நாணயத்தைச் சுண்டுவார். பூவா தலையா, அவ்வளவுதான். கப்பைக் கொடுக்க வந்த பிரமுகர் வேறு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்கு அடுத்து ஒரு கல்யாண வரவேற்பு இருக்கும்.

2006இல் விருத்தாசலத்தில் எங்களைவிடப் பலமான ஒரு டீமோடு செமி ஃபைனல். எப்படியோ கோல் வாங்காமல் இழுத்துப் பிடித்தோம், இருட்டிவிட்டது. மேனேஜர் போய் “தலை” என்றார், தலை விழுந்தது. பையன்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். அன்றைக்கு நானும் கைதட்டினேன். அடுத்த நாள் ஃபைனலில் செமத்தியாகத் தோற்றோம், அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. தோளில் ஏறியதை மட்டும் மேனேஜர் மறக்கவில்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அவருடைய திட்டம் ஒன்றுதான். கோல் வாங்காதே, நேரத்தைக் கடத்து, டாஸுக்குக் கொண்டுபோ. மேட்ச் ஆரம்பிக்கும் முன்னாலேயே கடத்தல் ஆரம்பித்துவிடும். பந்தில் காற்று குறைச்சல் என்பார், பம்பு தேடுவார்கள். பம்பு கிடைத்தால் காற்றடிக்கிற ஊசிப் பின் இருக்காது. வலை கிழிந்திருக்கிறது என்பார். எங்கள் பையன் ஒருத்தன் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறான் என்பார், அந்தப் பையன் மைதானத்துக்கு வெளியே பெட்டிக்கடையில் கடலை மிட்டாய் தின்றுகொண்டிருப்பான். எதிர் டீம் நீல ஜெர்சி போட்டிருந்தால் அவருக்குக் கொண்டாட்டம். கலர் ஒன்றாகிவிட்டது, மாற்ற வேண்டும், மாற்று ஜெர்சி இல்லை, யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டும். மேட்ச் நடக்கும்போது பந்தை எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் வெளியே அடிக்கச் சொல்வார். வாய்க்காலில் விழுந்தால் நல்லது, முள்ளுக்குள் போனால் ரொம்ப நல்லது.

டாஸில் சில தடவை ஜெயித்தோம், சில தடவை தோற்றோம். ஜெயித்தால் “பாத்தியா?” என்பார். தோற்றால் தோளைக் குலுக்கிக்கொள்வார்.

2008 பொங்கலுக்குச் சிதம்பரத்தில் டோர்னமெண்ட். அந்தக் கப்பை எங்கள் ஊர் டீம் அதுவரை ஜெயித்ததே இல்லை. அந்த வருஷம் மச்சான் உச்சத்தில் இருந்தான். காலையிலிருந்து ஆடிய எல்லா மேட்சிலும் அவன் கோல் போட்டிருந்தான். ஃபைனல், சிதம்பரத்து டீமோடு. ஊர் ஜனம் முழுக்க அவர்கள் பக்கம். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்திலேயே மச்சான் ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய் ஒரு கோல் போட்டான். எதிர் டீம் ஆடிப்போய்விட்டது. இன்னும் இரண்டு கோல் போடலாம், பார்த்துக்கொண்டிருந்த ஐஸ் வண்டிக்காரருக்கே அது தெரிந்தது.

மேனேஜர் கையைத் தூக்கி மச்சானை வெளியே கூப்பிட்டார். அவனுக்குப் பதிலாக ஒரு டிஃபன்ஸ் பையனை உள்ளே அனுப்பினார். ஏழு பேரும் எங்கள் கோல் முன்னால் வந்து கல்யாணப் பந்தியில் இடம் பிடித்த மாதிரி நின்றுகொண்டார்கள். ஏழு பேர் நின்றாலும் பந்து எங்காவது ஒரு சந்தில் புகுந்துவிடும். புகுந்தது. ஒன்றுக்கு ஒன்று.

நான் மேனேஜர் பக்கத்தில் போய், “சார், அவன உள்ள விடுங்க சார்” என்றேன்.

“எதுக்கு? இன்னும் கொஞ்ச நேரம்தான். வெளிச்சம் பாரு, போயிட்டே இருக்குது. டாஸ் இருக்குதுல்ல.”

“டாஸ்ல தோத்தா?”

“ஜெயிச்சா?” என்றார் சிரித்துக்கொண்டே.

மைதானத்துக்கு மேற்கே சீமைக்கருவேலம் புதராக மண்டிக் கிடந்தது. பந்தை அதற்குள் அடித்தார்கள். எடுத்து வந்தார்கள். மறுபடி அடித்தார்கள். மச்சான் கோட்டுக்கு வெளியே முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து அந்தப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டியது. ரெஃப்ரி நாணயத்தை எடுத்தார். மேனேஜர் “தலை” என்றார். பூ விழுந்தது.

திரும்பி வர பஸ் ஏறினோம். புதுச்சத்திரம் தாண்டியதும் மேனேஜரே ஆரம்பித்தார். “ஃபிஃப்டி ஃபிஃப்டிப்பா. இதுல யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது.”

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நிற்பது எனக்குப் பயம், ஆனாலும் நின்றேன். “கோல் போடுறவன ஏன் சார் வெளிய எடுத்தீங்க?”

“லீடு இருந்துச்சுல்ல. அத காப்பாத்த வாணாமா?”

“இப்ப எத சார் காப்பாத்துனோம்?”

“யோவ், நீ காயில் கட்டுறவன். ஆட்டத்தப் பத்தி உனக்கு இன்னாய்யா தெரியும்?”

“காயில் கட்டுறவன்தான் சார். ஓடுற மோட்டாருக்கு ஃபியூஸ புடுங்கி வச்சிட்டு, பத்திரமா இருக்குதுன்னு எந்தக் காயில்காரனும் சொல்ல மாட்டான்.”

பின் சீட்டில் இரண்டு பையன்கள் சிரித்துவிட்டார்கள். சம்பந்தமே இல்லாமல் ஒரு கூடைக்கார அம்மாவும் சிரித்தார். மேனேஜருக்கு முகம் சின்னதாகிவிட்டது. கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார், எனக்கும் சேர்த்துத்தான். அவருடைய குணம் அப்படி. டீயைக் குடித்தேன், ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

மச்சான் மட்டும் டீ வாங்கவில்லை. நடந்து வரும்போது சொன்னான்: “தோத்தா கூட பரவால்ல மாமா. ஆடித் தோக்கக்கூட விடல பாரு.”

அந்த வார்த்தை எனக்குள் ரொம்ப நாள் சுற்றிக்கொண்டிருந்தது. கடையில் கம்பியைச் சுற்றும்போது யோசிப்பேன். மேனேஜருக்கு ஆட்டம் தெரியாமலில்லை. அவருக்குப் பயம். தன் முடிவால் தோற்றுவிட்டோம் என்று நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்களோ என்கிற பயம். நாணயத்தின் மேல் பொறுப்பைப் போட்டுவிட்டால் யாரும் எதுவும் சொல்ல முடியாது. இது எனக்கு நன்றாகப் புரிந்தது, ஏனென்றால் பயத்தில் நான் அவருக்கு அண்ணன். ஆனால் பயப்படுகிறவனுக்குப் போக இரண்டு வழி இருக்கிறது. குடையைப் பையில் எடுத்து வைக்கலாம். அல்லது மழை வந்தால் வரட்டும், வானத்து மேல் பழி என்று வீட்டைவிட்டுக் கிளம்பலாம். அவர் இரண்டாவது வழியில் போனவர். நான் முதல் வழி.

2009இல் அவருடைய மகளைச் சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்தார். ஒரே மகள். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அவரும் அங்கேயே போய்விட்டார். போன கொஞ்ச நாளிலேயே சேதி வந்தது, சிதம்பரத்து டீமுக்கு அவர்தான் இப்போது மேனேஜர் என்று. எந்த டீம் டாஸில் எங்களை ஜெயித்ததோ அதே டீம். எங்கள் பையன்கள் கோபப்பட்டார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. “உடுங்கடா. இனிமே அவுங்க கஷ்டப்படட்டும்” என்றேன்.

எங்கள் டீமுக்கு அப்புறம் மேனேஜர் என்று யாரையும் வைக்கவில்லை. யார் ஆடுவது, எப்படி ஆடுவது என்பதை மச்சான் பார்த்துக்கொண்டான், அவன்தான் கேப்டன். மற்ற ஏற்பாடெல்லாம் என் தலையில் விழுந்தது. பஸ், தண்ணீர், பந்து, ஜெர்சி, காலுக்கு ஸ்ப்ரே. “மாமா ஒருத்தரு இருந்தா போதும், நம்ம எதையும் மறக்க வாணாம், அவரு நமக்கும் சேர்த்துக் கவலப்படுவாரு” என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். மூன்று வருஷத்தில் எங்கள் டீம் ஒரு மேட்சுக்கும் லேட்டாகப் போனதில்லை, ஒரு டாஸும் போட்டதில்லை.

2011 கடைசியில் புயல் அடித்தது. கடலூரில் கரண்ட் கம்பமெல்லாம் சாய்ந்து, மரமெல்லாம் தலை இல்லாமல் நின்ற புயல். என் வீட்டு ஓடு பறந்தது. கடைக்குள் தண்ணீர். கரண்ட் திரும்ப வந்ததும், ஊரில் நனைந்த மோட்டாரெல்லாம் என் கடை வாசலில் வந்து நின்றன. அந்த நேரம் பார்த்துத்தான் மச்சானுக்குச் சிங்கப்பூர் விசா வந்தது, கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. சிதம்பரத்துப் பொங்கல் டோர்னமெண்டைப் புயலால் மாசக் கடைசிக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். ஃபைனல் முடிந்த வாரத்தில் அவன் பிளேன் ஏற வேண்டும். போனால் எப்போது வருவான், வந்தாலும் அந்தக் கால் இருக்குமா, யாருக்குத் தெரியும்?

“மாமா, அந்தக் கப்ப ஒரு தடவ கால்ல ஜெயிச்சிட்டுப் போயிடணும்” என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

ஃபைனலுக்கு வந்தோம். எதிரே மேனேஜருடைய டீம். எங்கள் ஃபைனல்தான் அந்த நாளின் கடைசி ஆட்டம். அதாவது, சாயங்காலம்.

முந்தின நாளே நான் பையைக் கட்டிவிட்டேன். மஞ்சள் கலரில் ஒரு செட் ஜெர்சி, இன்னொரு டீமிடம் இரவல் வாங்கியது. பம்பு, அதற்கு ஊசிப் பின் நான்கைந்து. வலை தைக்க நைலான் கயிறு. கோடு போடச் சுண்ணாம்புத்தூள்கூட ஒரு பொட்டலம். அப்புறம் பந்து. ஒரு பந்து இல்லை, பஞ்சர் கடை வைத்திருக்கும் என் சிநேகிதனிடம் சொல்லி, ஊரில் எவனெவனிடம் நல்ல பந்து இருந்ததோ அத்தனையையும் வாங்கி ஒரு கோணிப்பையில் போட்டு, அவனையும் கூட வரச் சொன்னேன். என் மனைவி பார்த்துவிட்டு, “ஆடப் போறீங்களா, விக்கப் போறீங்களா?” என்றாள். வாசலில் இருந்த மோட்டார்க்காரர்களிடம் நாளைக்குக் கடை லீவு என்று சொன்னேன். திட்டினார்கள். கேட்டுக்கொண்டேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கூட்டத்துக்குள் பையன்களை எண்ணிப் பார்த்து, ஆட்டோக்களில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது எங்களுக்கு முந்தின, மூன்றாம் இடத்துக்கான ஆட்டமே இன்னும் ஆரம்பித்திருக்கவில்லை. முதல் வேலையாக ரெஃப்ரியிடம் போனேன். கோணிப்பையைத் திறந்து காட்டி, “சார், பந்து வெளிய போனா தேடிட்டிருக்க வாணாம், இதுல ஒண்ணப் போட்டு ஆடலாமா?” என்று கேட்டேன். அவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு, “தாராளமா. எனக்கும் சீக்கிரம் முடிஞ்சா நல்லது” என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் இளைத்திருந்தார். “புயல்ல வீட்டுக்கு ஒண்ணும் ஆவலயே?”

“ஓடு பறந்துடுச்சு சார். மாத்தியாச்சு.”

“ஒரு போன் போட்டிருக்கலாம்லய்யா எனக்கு.” உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார். அந்த நேரத்தில் அவருடைய பையன்கள் மைதானத்துக்குள் வந்தார்கள். நீல ஜெர்சி.

“அடடா, கலர் ஒண்ணா போச்சே” என்றார் மேனேஜர். “எங்க பசங்க வீட்டுக்குப் போய்த்தான் வேற எடுத்தாரணும். கொஞ்சம் டைம் ஆவும்.”

“நாங்க மாத்திக்கிறோம் சார்” என்று பையிலிருந்து மஞ்சளை எடுத்தேன்.

அவர் பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்தார். “காத்து கம்மியா இருக்குதே.” பஞ்சர் கடைச் சிநேகிதன் பம்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். மேனேஜர் வடக்குப் பக்கத்துக் கோலைப் பார்த்தார். “அந்த வல—”

“கட்டியாச்சு சார்.”

என் பையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “இன்னும் இன்னா வச்சிருக்க அதுல?”

“நெறைய இருக்குது சார்.”

சொன்ன நேரத்துக்கு ஆட்டம் ஆரம்பித்தது. சூரியன் கருவேலத்துக்கு மேலே நல்ல உயரத்தில் இருந்தது. பஞ்சர் கடைக்காரனைக் கோணிப்பையோடு மேற்குக் கோட்டில், புதர் ஓரமாக நிற்கவைத்திருந்தேன்.

முதல் பாதியில் கோல் இல்லை. மேற்கே சூரியன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் பாதியில் அவர்களுடைய ஃபார்வர்டு, நல்ல ஆட்டக்காரன், எங்கள் டிஃபன்ஸ் இரண்டு பேருக்கு நடுவே புகுந்து கோல் போட்டுவிட்டான். ஊரே எழுந்து கத்தியது. எங்கள் பையன்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

யாரும் நம்ப மாட்டார்கள், அந்த நிமிஷம்தான் எனக்குக் கவலை விட்டது. அடுத்து என்ன நடக்கும் என்று அந்த மைதானத்தில் என்னைப் போல் தெரிந்தவன் யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் மேனேஜரைப் பார்த்தேன். கையைத் தூக்கினார். கோல் போட்ட பையனை வெளியே கூப்பிட்டார்.

அந்தப் பையன் நம்பாமல் தன் நெஞ்சைத் தொட்டு “நானா?” என்று கேட்டான். பாவம். வெளியே வந்து கோட்டுக்குப் பக்கத்தில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

நான் மச்சானைக் கூப்பிட்டேன். “லீடு கெடச்சிருச்சு அவருக்கு. எல்லாரும் பின்னால போயிடுவாங்க. பயப்படாம ஏறி ஆடு.”

“தெரியும் மாமா” என்றான். அவன் வாயிலும் சிரிப்பு.

அவர்கள் ஏழு பேரும் கோல் முன்னால் பந்திக்கு வந்து நின்றார்கள். எங்கள் பையன்கள் அலை அலையாகப் போனார்கள். ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது, ஒன்று கோலி பிடித்தான். மூன்றாவதாக மச்சான் தூரத்திலிருந்தே அடித்த பந்து யார் காலிலோ பட்டு உள்ளே போனது. ஒன்றுக்கு ஒன்று.

இனி டாஸ் வேலை. மேனேஜர் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை, கையால் மேற்கே காட்டினார். அவருடைய பையன் ஒருத்தன் பந்தை ஓங்கிப் புதருக்குள் அடித்தான். பஞ்சர் கடைக்காரன் அடுத்த பந்தை உடனே உள்ளே எறிந்தான். இன்னொன்று போனது. இன்னொன்று வந்தது. ஒருத்தன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது என்று படுத்தான், ரெஃப்ரி அவனை வெளியே தூக்கிப்போகச் சொன்னார், உடனே எழுந்துவிட்டான்.

மேனேஜர் டோர்னமெண்ட் நடத்துகிற விழாக்காரர்களிடம் போய், “வெளிச்சம் போவுது, பசங்களுக்கு அடிகிடி பட்டுடப் போவுது, டாஸ் போட்டுடலாமே” என்றார். நானும் போனேன். பெரிய மனிதர்கள் முன்னால் எனக்கு வாய் குழறும். அன்றைக்குக் குழறவில்லை. “பந்து தெரியுது சார், ஆள் தெரியுது, கோடு தெரியுது. இன்னும் டைம் இருக்குது” என்றேன். விழாக்காரர் வானத்தைப் பார்த்தார், ரெஃப்ரியைப் பார்த்தார். ரெஃப்ரி ஆடச் சொல்லிக் கை காட்டினார்.

அப்போதுதான் அது நடந்தது. அவர்களுடைய டிஃபன்ஸ் பையன் பந்தை மறுபடி புதருக்குள் அடித்துவிட்டு, பழக்கதோஷத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பந்து விழுந்த இடத்தை வேடிக்கை பார்த்தான். இன்னும் இரண்டு பேர் கூடவே பார்த்தார்கள். கோலிகூட எட்டிப் பார்த்தான். முள்ளுக்குள் போன பந்து வர நேரமாகும் என்று அவர்களுக்கு மேனேஜர் மூன்று வருஷமாகச் சொல்லிக்கொடுத்திருந்தார். இங்கே பஞ்சர் கடைக்காரன் கொடுத்த பந்தை எங்கள் பையன் அந்த நொடியிலேயே த்ரோ போட்டான். மச்சான் தனியாக நின்றுகொண்டிருந்தான். வாங்கினான், திரும்பினான், இடது காலால் தரையோடு தரையாகத் தள்ளினான். கோலி திரும்பிப் பார்க்கும்போது பந்து நான் கட்டிய வலையில் கிடந்தது.

அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். பழைய பந்து வராமல் எப்படி ஆடலாம் என்றார்கள். “மேட்சுக்கு முன்னாலயே பேசினதுதான். நான் விசில் அடிச்சு ஆட்டத்த நிறுத்துனனா?” என்று ரெஃப்ரி கோலுக்கு விசில் ஊதிவிட்டார். மீதி நேரம் மச்சானை நாங்கள் வெளியே எடுக்கவில்லை. ஆட்டம் முடியும்போது புதருக்குப் பின்னால் வானம் சிவந்திருந்தது, கப் கொடுக்க வந்த பிரமுகரின் சட்டைப் பையில் இருந்த பேனாகூடத் தெரிகிற வெளிச்சம்.

மச்சான் கப்பை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தான். கப்பை என் கையில் கொடுத்துவிட்டு ஷூவைக் கழற்ற உட்கார்ந்தான். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன், கீழே போட்டுவிடுவேனோ என்று.

கிளம்புகிற நேரத்தில் மேனேஜர் வந்தார். கையில் வெட்டிய எலுமிச்சம்பழம், அவருடைய பையன்களுக்கு வெட்டியதில் மீதி. ஒன்றை எனக்குக் கொடுத்தார்.

“அந்த மூட்டப் பந்து யார் ஐடியாய்யா?”

“உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் சார். முள்ளுக்குள்ள அடிக்கச் சொன்னது யாரு?”

சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. “உங்க டீம் நல்லா ஆடுச்சு. இல்லங்கல. ஆனா வெளிச்சம் போயிருந்தா, டாஸ்ல இன்னிக்கு நான்தான்யா ஜெயிச்சிருப்பேன்.”

அவருக்குப் பின்னால், கோட்டோரத்தில், கோல் போட்ட அந்தப் பையன் இன்னும் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். “சார்,” என்றேன், “அந்தப் பையன ஏன் சார் வெளிய எடுத்தீங்க?”

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டைப் பையில் கையை விட்டு ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்தார். “நம்பலன்னா பாரு. நீயே சொல்லு. பூவா, தலையா?” என்று கேட்டுக்கொண்டே கட்டைவிரலால் சுண்டினார். அது நல்ல உயரத்துக்குப் போய், கடைசி வெளிச்சத்தில் ஒரு தடவை மின்னி, அவருடைய உள்ளங்கையில் விழுந்தது. மறு கையால் மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். உண்மையாகவே நான் பதில் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு சார். வரேன்” என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

ஆட்டோவில் மச்சான் கேட்டான். “என்னா மாமா விழுந்துச்சு?”

“பாக்கல” என்றேன். பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு பந்து இன்னும் முள்ளுக்குள் இருந்தன. இரவல் பந்து. ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன்.